நான்காம் பாட்டில் தண்ணீர்

விடியற்காலை ஐந்து மணிக்கு
மேட்டுப்பாளையம் போகும் முதல் பஸ்
டானிங்டன் வளைவில் ஹாரன் அடிக்கும்.
அதே நேரம் இவர் தொண்டையைச் செருமுவார்.
முப்பத்தொரு வருஷம்
இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டவள் நான்.

நூறு பாட்டு. ஒன்று விடமாட்டார்.
காரட் மண்டிக்குக் கணக்கெழுதப் போகும் முன்
சாமிக்கும் ஒரு கணக்கு என்று கேலி செய்திருக்கிறேன்.
திரி நீண்டால் எண்ணெய் வீண் என்று தெரியும் எனக்கு.
அதற்கு மேல் பக்தி கிடையாது.

தை மாதம்,
உறைபனியில் தேயிலை கருகிய வாரம்,
கையிலிருந்து பேனா விழுந்தது.
பேச்சும்.

கோயம்புத்தூரில் பதினெட்டு நாள்.
திரும்பும்போது ஊன்ற ஒரு கம்பு இருந்தது,
கூப்பிட ஒரு பெயர் இல்லை.
குன்னூரில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்
அட்டையைக் காட்டுகிறாள்: குடை.
வெளியே மழை, என் கையிலேயே
சொட்டச் சொட்டக் குடை.
இவர் உதடு ப, ப என்கிறது.
கண் தரையைப் பார்க்கிறது.

மறுநாள் ஐந்து மணி. ஹாரன். செருமல்.
முதல் பாட்டு,
ஓர் எழுத்துகூடச் சிதையாமல்.
போர்வையோடு எழுந்து உட்கார்ந்தேன்.

பேச்சு ஓரிடம், மனப்பாடம் வேறிடம் என்றார் டாக்டர்.
எனக்குப் புரிந்தது.
ஒரு ஃபேஸ் போனால் எங்கள் வீட்டில்
கூடம் இருட்டு, அடுப்படி இருட்டு,
சாமி அலமாரி பல்பு மட்டும் எரியும்.

நடுவிலிருந்து தொடங்க வராது இவருக்கு.
கங்கை நான்காம் பாட்டில். அது தண்ணீர்.
நஞ்சு உண்டது பதினொன்றில். மாத்திரை கசக்கிறதாம்.
யானைத்தோல் போர்த்தியது இருபத்தாறில்;
அங்கே வந்து சேர்வதற்குள்
கம்பளியை நானே போர்த்தியிருப்பேன்,
ஆனாலும் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்.

ஓர் இரவு ஒன்பதிலேயே நின்று
காலன், காலன் என்று
அதே அடியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.
பெங்களூர் மகனுக்குப் போன் போட்டு அழுதேன்.
இவர் இடது கையால் தொடையைத் தட்டுகிறார்.
கால்.
மரத்துப்போன வலது கால்.
தைலம் தேய்த்தபடியே சிரித்தேன்,
அவரும், கோணிய வாயால்.
பாவம், மகன்,
பந்திப்பூர் கேட் மூடியிருக்க
காரிலேயே தூங்கி விடிந்து வந்தான்.

மத்தியானங்களில் இப்போது
கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தில் தேடுகிறேன்.
பல்வலி எங்கே, பசி எங்கே,
டிவியை நிறுத்து என்பது எங்கே.
பசி இருக்கிறது, நிறைய.
பாடியவர்களுக்கு டிவி தொந்தரவு இல்லை.
என் பெயரும் இல்லை.
ரஞ்சிதம் என்று எந்தப் புலவர் எழுதுவார்.

'நீ' இருக்கிறது.
பக்கத்துக்குப் பத்து.
முன்பெல்லாம் படத்தைப் பார்த்துச் சொன்னார்.
இப்போது அந்த எழுத்து வரும்போது
தலை மெல்லத் திரும்புகிறது, என் பக்கம்.
கழுத்து நரம்பின் பலவீனமாக இருக்கலாம்.
கேட்டால் இவரால் சொல்லவும் முடியாது.
கூச்சமாக இருக்கிறது எனக்கு,
மேல் வீட்டுக்குப் போக வேண்டிய தபாலைக்
கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டதுபோல.

இன்று நாற்பத்தொன்றில் மூச்சு வாங்கி நின்றார்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி,
அதற்குள் எங்கோ காட்டெருமையின் செருமல்.
அடுத்த அடி என் வாயிலிருந்து வந்தது.
அத்தனை வருஷப் போர்வைக்குள்
எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ.
பாதியில் ஒரு சொல் தப்பிவிட்டது போலிருக்கிறது.

நெற்றியைச் சுருக்கினார்.
சுண்டுவிரலைத் தூக்கி என்னை நிறுத்தினார்.
அந்தச் சொல்லை மட்டும்,
தனியாக, நடுவிலிருந்து எடுத்து,
திருத்திச் சொன்னார்.